மச்சானுக்கு ஒரு கிளாஸ்

எனக்கு விருந்தாளிகள் என்றால் பிடிக்கும், செயலாளர் சார். வந்தவர்கள் போய்விடுவார்கள் என்பதால் வந்த பிரியம் அது.

நம் அடுக்குமாடியின் கேட்டையும் லிப்டையும் நடத்துவது நான் எழுதிய புரோகிராம். வருவதையெல்லாம் அது இனம் பிரிக்கும். ஒவ்வொரு இனமும் எங்கள் தொழிலில் ஒரு கிளாஸ். குடியிருப்பவர் ஒரு கிளாஸ், விருந்தாளி ஒரு கிளாஸ், பார்சல் ஒரு கிளாஸ். என் மனைவியின் அண்ணன் எதிலும் அடங்கவில்லை. இரண்டு நாள் என்று வந்தவர், மாதக்கணக்கில் என் சோபாவில் என் போர்வையைப் போர்த்திக்கொண்டு எனக்கே புத்தி சொன்னார். எனக்கு என் வீடு திரும்ப வேண்டியிருந்தது.

புரோகிராமை நிறுத்தினால் மொத்தக் கட்டடமும் தெருவில் நிற்கும். யாருக்கும் தொந்தரவு தருவது என் சுபாவம் இல்லை. அதனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு புது கிளாஸை உண்டாக்கினேன். ஆளின் பெயரைப் போடுவது பண்பல்ல என்று குணத்தை மட்டும் எழுதினேன்: வீடு தன் பெயரில் இல்லை, மாதக்கணக்கில் தங்கல், கிளம்பும் உத்தேசம் இல்லை. புது கிளாஸுக்கு ஒரு தாய் கிளாஸைக் காட்டினால், தாயின் விதிகளெல்லாம் பிள்ளைக்கு வந்துவிடும். பார்சலைத் தாயாக்கினேன்.

மறுநாள் காற்று வாங்கக் கிளம்பியவரை லிப்ட் நேராகப் பார்சல் அறையில் இறக்கியது. அந்தக் கதவு வாங்குபவர் விரல் வைத்தால்தான் திறக்கும். வாங்க வேண்டிய என் மனைவி ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தாள்.

“மாப்ள, கதவு திறக்க மாட்டேங்குது” என்றார் இன்டர்காமில்.

“சிஸ்டம் பாத்துக்கும் மச்சான்” என்றேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

யாரும் வாங்காததை அனுப்பியவருக்கே திருப்புவது விதி. லாரிக்காரர்கள் அவரை நிமிர்த்தி வைத்து, முதுகில் ‘கவிழ்க்காதீர்’ என்று ஒட்டி, என் மாமியார் வாசலில் இறக்கிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு கீறல் இல்லை.

மனைவி ஊரிலிருந்து நேரே அங்கே போய்விட்டாள். “எங்கண்ணன் என்ன சாமானா?” என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள். அவள் இல்லாத வீட்டில் எனக்குப் பயமாக இருந்தது. சமாதானம் பேசக் கிளம்பினேன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். வாசலைத் தாண்டி மாதக்கணக்காகிறது. லிப்டில் ஏறினேன். இதே பார்சல் அறையில் வந்து இறங்கினேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆமாம், வீடு மாமனார் அவள் பெயரில் வாங்கிக் கொடுத்தது. பார்சல் வந்த தகவலுக்கு அவள் ‘வேண்டாம்’ என்று பதில் போட்டதாகச் சொல்கிறீர்கள். என் அம்மா வீட்டுக்கு லாரி கிளம்புமுன் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மச்சான் விஷயத்தில் புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்தது. என்னை அவரோடு சேர்த்ததில்தான் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது.