ஜட்ஜின் காதுகள்

ஜாஸ் கேட்பதற்குத் தையல் கடையைப் போல வசதியான இடம் கிடையாது, சார். எங்கள் தையல்காரர் தன் கடை மாடியில் நான்கு சுவரையும் ஒட்டித் துணிச் சுருள்களை அடுக்கி வைத்திருப்பார். எதிரொலி என்பதே இருக்காது. ஒருவர் தும்மினால் அந்தத் தும்மல் அவர் மூக்கோடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே கூடுவோம். தையல்காரர், நான், ஜட்ஜ். சில வாரம் வேறு யாராவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஜட்ஜ் என்றால் நிஜ ஜட்ஜ் இல்லை. கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். எந்த ரெகார்டைப் போட்டாலும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பு மாதிரி ஒன்று சொல்வார். அதனால் அந்தப் பெயர். நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் பிடித்த ஆல்பத்தை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். ஒரு வாரம் கெடு. அடுத்த ஞாயிறு, வாங்கிப் போனவர் எழுந்து நின்று என்ன கேட்டேன் என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து சொன்னால் செல்லாது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். என் வீட்டில் நான் என்ன கேட்கிறேன் என்று யாரும் விசாரித்ததில்லை. நான் ரெகார்டைப் போட்டால் என் மனைவி அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அதனால் என் ஆல்பத்தைப் பற்றி ஒரு மனிதர் நின்றுகொண்டு பேசும் அந்த ஐந்து நிமிஷத்தை வைத்துத்தான் நான் ஒரு வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஜட்ஜுக்கு ஒரு சாக்ஸபோன் ஆல்பம் கொடுத்தேன். இருபது வருஷமாக யார் கையிலும் கொடுக்காதது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த ரெகார்டு என் பிளேயர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அட்டைக்குள் நான் தவறுதலாகப் போட்டு அனுப்பியது, பிளேயரைச் சரிபார்க்க வைத்திருக்கும் டெஸ்ட் ரெகார்டு. முதல் பக்கம் முழுக்க ‘ஙொய்’ என்று ஒரே சத்தம். இரண்டாவது பக்கமும் அதேதான், கொஞ்சம் கீச்சென்று இருக்கும். சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். பிறகு, அவரே கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரிக்கட்டும் என்று வைத்துவிட்டேன். அவர் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டாவது பக்கத்துல சாக்ஸபோன் தனியா வர்ற எடம் இருக்கே, கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க. என்ன ஆச்சோன்னு வீட்ல அவளே ஓடி வந்துட்டா.”

தையல்காரர் கை தட்டினார். நானும் தட்டினேன். பாட்டுகளைப் பற்றி ஜட்ஜ் சொன்னதெல்லாம் அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த வரிகள், வரிசைகூட மாறவில்லை. கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. ஆறு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் கடித்துவிடுவேன் போலிருந்தது.

இரண்டு வாரம் கழித்து என் வேலையிடத்துக்கு வந்தார். காது கேட்கும் கருவி பொருத்துவது என் தொழில் என்று உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். வரவேற்பில் இருக்கும் பெண் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து உள்ளே வந்தார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆறு மாசமா காது சரியில்ல. பேச்சு ஓரளவு புரியுது, மியூசிக் சுத்தமா பிடிபடல. நீங்க கொடுத்ததையெல்லாம் அட்டையப் படிச்சுத்தான் ஒப்பேத்துனேன். கடைசியா கொடுத்ததப் போட்டுப் பாக்கவே பயமா இருந்துச்சு. அந்த ஞாயித்துக்கெழமையும் போச்சுன்னா எனக்குன்னு வேற ஒண்ணும் இல்லீங்க. மன்னிச்சுடுங்க.”

ஆமாம், மன்னிப்புக் கேட்டார். அதை நான் மறைக்கவில்லை. இந்த இடத்தில் என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அதுவரை பொய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது என்னிடமே இரக்கமும் கேட்டு வந்து நிற்கிறார்.

சோதித்துப் பார்த்தேன். அப்படியொன்றும் பெரிய குறை இல்லை. சரியான அளவில் கருவி பொருத்தினால் சாக்ஸபோனையும் கேட்கலாம், அதன் கட்டைகளை விரல்கள் தட்டும் சத்தத்தையும் கேட்கலாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கருவிக்குள் ஒரு வரம்பு உண்டு. வெளியே எவ்வளவு பெரிய சத்தம் வந்தாலும் காதைக் கெடுக்கும் அளவுக்கு உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். நான் அந்த வரம்பை உயர்த்தினேன். முதல் முறை கொஞ்சம். பிறகு அவர் வந்த ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம்.

“தினமும் மூணு மணி நேரம் ரெகார்டு கேளுங்க. வால்யூம நல்லா கூட்டி வைங்க. காது பழகணும்,” என்றேன்.

எந்த ஆல்பங்களைக் கேட்க வேண்டும் என்றும் நானே சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து டிரம்பெட் ஊதுவது, டிரம்ஸ் விளாசுவது, அந்த மாதிரி. வாரம் ஒன்று என் அலமாரியிலிருந்தே கொடுத்தேன். ஒன்றைக்கூட அவர் பாதியில் நிறுத்தவில்லை.

“வலிக்குதுங்க. உள்ள விசில் அடிக்கிற மாதிரியே இருக்கு.”

“மொதல்ல அப்படித்தான் இருக்கும். கருவியக் கழட்டிடாதீங்க.”

தலையாட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவார். நான்கு மாதத்தில் ஐந்து முறை வந்தார், ஐந்து முறையும் நன்றி சொன்னார்.

அந்த நான்கு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் எவ்வளவு அழகாகப் பேசினார் தெரியுமா? மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரன் ஒரு தட்டு முந்திக்கொள்கிறான் என்றார். சரிதான், முந்துகிறான். எந்த அட்டையிலும் அது இல்லை. “இப்பதான்யா நம்ம ஜட்ஜ் நெஜமாவே கேக்க ஆரம்பிச்சிருக்காரு” என்று தையல்காரர் என் தோளில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, பேச எழுந்தவர் எங்களைப் பார்த்து, “ரெகார்டு போட்டாச்சா?” என்று கேட்டார். அது முழு வால்யூமில் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரர் எழுந்து போய் அதை நிறுத்தினார்.

இப்போது அவர் மனைவி சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் அவரோடு பேசுகிறாராம். அந்த அம்மாள்தான் கருவியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். நான் மாற்றிய அளவுகள் எல்லாம் தேதியோடு அதற்குள் இருந்தன. அழிக்க மறந்துவிட்டேன் என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். மறக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் காது இரண்டையும் கெடுத்தது நான். தெரிந்தே செய்தேன், பட்டப்பகலில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு. ஒருவன் தன் உயிரை எடுத்துக் கையில் கொடுக்கிறான். அதைக் கேட்காமலே கேட்டேன் என்று நின்று சொல்கிற மனிதனுக்குக் காது எதற்கு? நீங்களே சொல்லுங்கள்.

அவருடைய பொருள் ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. எனக்கு மட்டும் அவர் தன்னுடைய பழைய ரெகார்டைத் தரமாட்டார். கடையில் புதிதாக வாங்கி, “வச்சுக்கோங்க, நிதானமா கேளுங்க” என்று கையில் திணித்துவிடுவார். மொத்தம் இருபத்திமூன்று. ஒவ்வொன்றைப் பற்றியும் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். தையல்காரரை விசாரித்துப் பாருங்கள், நான் நன்றாகவே பேசுவேன். எல்லாம் என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை.