நீளமானது, உருண்டையானது, மற்றவை

வசந்தம் வந்துவிட்டால் எனக்குத் தலை லேசாகக் கிறுகிறுக்கும். எங்கள் கோத்லாந்து தீவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் நடுவில் நான் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செடி நேசர் சங்கத்தின் கையேட்டை எழுதியவள் நான். இலை வடிவங்களுக்கு மட்டுமே நாற்பது சொல் இருந்தது. இதய வடிவம், சிறுநீரக வடிவம், ஈட்டி வடிவம், தலைகீழ் முட்டை வடிவம். சொல்லிப் பாருங்கள், நாக்கு துள்ளும்.

இந்தக் குளிர்காலத்தில் ரூட்கர் தலைவரானான். கலகலப்பான ஆள், எனக்கே பிடிக்கும். முதல் கூட்டத்திலேயே, “என்ன ஸிக்னே, இதயம், சிறுநீரகம்னு அடுக்கிட்டே போறே. இது செடிப் புத்தகமா, கசாப்புக்கடைப் பலகையா?” என்றான். கூடமே குலுங்கியது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நல்ல ஜோக்தானே.

பிறகு புதிய கையேடு வந்தது. அதில் இலைகள் மூன்றே வகை: நீளமானது, உருண்டையானது, மற்றவை. ஓக் இலை ‘மற்றவை’யில் கிடந்தது. அதைப் பார்த்தபோதும் சிரித்தேன். கொஞ்ச நேரம் நிறுத்த முடியவில்லை.

வசந்தத்தில் சங்கத்தார் நாங்கள் புல்வெளியில் கூடிப் பழைய சருகுகளை வாரி எடுப்போம். அன்றைக்குக் காட்டுப்பூண்டு இலை சூப் வைப்பது எப்போதும் என் பொறுப்பு. இந்த முறை பக்கத்துப் புதரிலிருந்து பள்ளத்தாக்கு லில்லியின் இலைகளையும் பறித்துக் கூடையில் கலந்துகொண்டேன். முளைத்த புதிதில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். காட்டுப்பூண்டு மணக்கும், லில்லி நஞ்சு.

சட்டியில் போடுவதற்கு முன்னால் ஒரு லில்லி இலையை ரூட்கரிடம் நீட்டினேன்.

“இது என்ன வடிவம், சொல்லு.”

“நீளம்.”

“நல்லாப் பாரு.”

“சரி, நல்ல நீளம்” என்று கண்ணடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். வெயில், குயில், கையில் சருகு வாரும் கோல். அப்படி ஒரு சந்தோஷமான மத்தியானம்.

நீள்வட்டம் என்று என் பழைய கையேட்டிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடையை அங்கேயே கவிழ்த்திருப்பேன். சொல்லவில்லை. இரண்டு கிண்ணம் குடித்தான். “ஸிக்னே, இந்த வருஷம் சூப்பு பிரமாதம்” என்று மூன்றாவதும் கேட்டான். மறுநாள் இதயம் நின்றுவிட்டதாம். சிறுநீரகம் கடைசிவரை தாக்குப்பிடித்தது என்று டாக்டர் சொன்னபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தது. அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். நான் பரீட்சை என்கிறேன். சுலபமான கேள்வி, போதிய அவகாசம், பாரபட்சம் கிடையாது. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஆமாம், இன்னும் நான்கு பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அதில் ஒருத்தி ஆல்வா, என் சொந்தத் தங்கை. அவர்களிடமும் இலையைக் காட்டிக் கேட்டேனா என்கிறீர்கள்.

இல்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.