அரை மணி இனாம்

ஷீல்டை அந்த கெட்டில் பக்கத்துல வை, தம்பி. போட்டோ அப்புறம் எடுக்கலாம், உட்காரு. மாநிலத்துலயே வேகமான ஆம்புலன்ஸ் எங்களுதுன்னு சொல்ல சிட்னிலேர்ந்து பறந்து வந்திருக்க. இறங்கினதும் கடிகாரத்தை அரை மணி பின்னாடி தள்ளினியா? ஓ, போன் தானா மாத்திக்கிச்சா. உன் போனுக்குத் தெரிஞ்சது உன் ரிப்போர்ட்டுக்குத் தெரியல பாரு.

ஒரே மாநிலம்தான், யாரு இல்லேன்னா. ஆனா இந்த மூலைல என்னிக்குமே பக்கத்து மாநிலத்து அடிலெய்டு நேரம்தான், சிட்னிக்கு அரை மணி பின்னாடி. இங்க ஒருத்தன் ஆம்புலன்சுக்கு அடிச்சா எடுக்கறது சிட்னில. அவன் அவன் கடிகாரத்தைப் பாத்து எழுதுவான். வண்டி போய்ச் சேர்ந்தா நாங்க எங்க கடிகாரத்தைப் பாத்து எழுதுவோம். நீ இதுலேர்ந்து அதைக் கழிச்சுட்ட. தடவைக்கு அரை மணி எங்களுக்கு இனாம்.

மைனஸ்கூட வந்திருக்கணுமே? வந்துச்சுல்ல. போன் அடிக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வாசல்ல போய் நின்னிருக்கோம். உனக்கு சந்தேகமே வரல. மைனஸ் வந்தா சைபர் போடுன்னு கம்ப்யூட்டருக்கு எழுதிட்ட. நல்லாத்தான் படிச்சிருக்க.

நாலு மெயில் போட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றின்னு நாலு பதில் வந்துச்சு. அப்புறம் இவ்வளவு வேகமா போற ஊருக்கு ரெண்டு வண்டி எதுக்குன்னு மார்ச்சுல ஒன்னை ஓட்டிட்டுப் போயிட்டாங்க. எதை வெச்சு? உன் ரிப்போர்ட்டை வெச்சுதான்.

லாமிங்டன் கேக் எடுத்துக்க. அப்படியே ஜூன் பதினேழைத் திற. பேர் இருக்காது, தெரு மட்டும் இருக்கும். போன் வந்தது பதினொன்னு அஞ்சு, வண்டி சேர்ந்தது பதினொன்னு பதினஞ்சு. பத்து நிமிஷம். பச்சை அடிச்சிருக்க.

இருக்கற ஒரே வண்டி அன்னிக்கு ஆட்டுப் பண்ணைல, கால் முறிஞ்சவனை ஏத்திட்டிருந்துச்சு. இல்ல, நான் அதுல போகல. எனக்கு லீவு. வீட்டுல இருந்தேன். எங்க வீட்டுக்காரர் டெஸ் அடுப்படில தரையில கிடந்தாரு. பதினெட்டு வருஷமா ஊரார் நெஞ்சையெல்லாம் அமுக்கினவ, அவரு நெஞ்சையும் அமுக்கிக்கிட்டே இருந்தேன். எதிர்ல செவுத்துக் கடிகாரம். போன் போட்டுட்டு ஆரம்பிச்சப்ப பத்து முப்பத்தஞ்சு. வண்டி வந்தப்ப பதினொன்னு பதினஞ்சு.

ஒரே கடிகாரம்தான், தம்பி. இப்பக் கழி.