இந்த வருடக் கேரட் கசக்கவில்லை

மதியச் சாப்பாட்டுக்கு நன்றி. மீனும் உருளைக்கிழங்கும் நன்றாகவே இருந்தன. கேரட்டை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். அது சீக்கிரமே பிடுங்கிய கேரட். நிறம் இருக்கிறது, ருசி இல்லை.

கேரட் விஷயத்தில் இலையைப் பார்த்து ஏமாறக்கூடாது. விரலால் மண்ணை விலக்கினால் தலை தெரியும். கட்டைவிரல் பருமன் வந்துவிட்டால் பிடுங்கலாம் என்பார்கள். நான் அப்போதும் தொடமாட்டேன். வடக்கே எங்கள் யெம்ட்லாந்தில் செப்டம்பரிலேயே உறைபனி விழும். சில குளிர் இரவுகளைத் தாங்கிய பிறகுதான் கேரட்டில் இனிப்பு ஏறும். அப்புறம் பக்கத்து மண்ணை இளக்கிவிட்டு, இலையின் அடியைப் பிடித்து இழுத்தால் முழுசாக வரும். பொறுமை இருந்தால் போதும்.

என் தம்பி ஃபோல்கேவுக்கு அது கிடையாது. தெற்கே ஸ்கோனாவில் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினான். மனைவி விலகிப் போனதும் என் வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டான். ஜூலையிலேயே பாத்தியில் குனிந்து நிற்பான். ஒன்றைப் பிடுங்குவான், பார்ப்பான், மறுபடி மண்ணில் செருகுவான்.

"ஏண்டா, பிடுங்கினது திரும்ப வளருமா?"

"வளர்ந்துடுச்சான்னு சும்மா பாத்தேன்க்கா. அதுக்கென்ன வலிக்கவா போகுது?"

"தூங்கற உன்னை எழுப்பி, தூங்கிட்டியான்னு கேட்டா எப்படி இருக்கும்?"

"உன் வீட்ல அதுவும் நடக்கும்" என்று சிரித்தான். நல்ல சிரிப்புதான். நான் அவனை வெறுத்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

சேமிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. கேரட்டைக் கழுவக்கூடாது. இலையைத் திருகி எறிந்துவிட்டு, நிலவறையில் ஈரமணல் பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்க வேண்டும். ஈஸ்டர் வரை இருக்கும். பக்கத்தில் ஆப்பிள் மட்டும் கூடாது. ஆப்பிளின் வாடை பட்டால் கேரட் கசந்துவிடும். போன வருடம் ஃபோல்கே, ஸ்கோனாவில் தான் வைத்த மரத்து ஆப்பிள்களை ஒரு பெட்டி நிறைய வரவழைத்து, என் மணல் பெட்டி மேலேயே வைத்துவிட்டான். வசந்தம் வரைக்கும் கசப்பைத்தான் தின்றேன். இந்த வருடம் கரடியாகக் கத்தியிருந்தேன். சரிக்கா, சரிக்கா என்றான்.

எங்கள் ஊரில் நிலவறைக்குள் போகிறவர் தொப்பியைக் கழற்றி வெளியே கதவு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார். தொப்பி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. தொங்காவிட்டால், கடைசியாகப் பார்ப்பவர் கதவைச் சாத்தி வெளியே குறுக்குக்கட்டையைப் போட்டுவிட வேண்டும். திறந்து கிடந்தால் உள்ளே இருப்பதெல்லாம் உறைந்துபோகும்.

திங்கட்கிழமை கடைசி வாளிக் கேரட்டோடு போனேன். ஆணியில் ஃபோல்கேயின் நீலத் தொப்பி தொங்கியது. உள்ளே அவன் எனக்கு முதுகைக் காட்டி, மணல் பெட்டிக்குப் பின்னால் ஆப்பிள்களை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தான், சாக்கைப் போட்டு மூடி. வாளியைச் சத்தமில்லாமல் வாசலுக்குள் வைத்தேன். கதவைச் சாத்தினேன். கட்டையைப் போட்டேன். காற்றுத் துளையில் வைக்கோல் அடைத்தேன், அது ஒவ்வொரு வருடமும் குளிருக்கு முன்னால் செய்வதுதான். தொப்பி கம்பளித் தொப்பி. ராத்திரி பனியில் நனைந்து வீணாகும் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு பெரிட் வந்தாள்.

"ஸ்வேயா, ஃபோல்கே எங்க? நேத்திலேர்ந்து ஆளையே காணோம்."

"ஆப்பிள் விஷயமா போயிருக்கான்."

"நெலவறைப் பக்கம் போய்ப் பாத்தேன். தொப்பி இல்ல. சரி, அங்க இல்லன்னு வந்துட்டேன்."

"நல்லது. காபி குடிக்கிறியா?"

தட்டும் சத்தம் கேட்டதா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கேட்டது. கதவோரம் போனால் கேட்டது, போகப் போகக் குறைந்தது. அதற்குப் பிறகும் நான் திறக்கவில்லை. திறந்தால் குளிர் உள்ளே போகும். அதோடு, ஆகிவிட்டதா ஆகிவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பது அவன் பழக்கம், என்னுடையது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சூப்புக்குக் கேரட் வேண்டியிருந்தது. திறந்தேன். ஃபோல்கே கதவை ஒட்டி உட்கார்ந்தபடியே விறைத்துப் போயிருந்தான், வெறும் சட்டையோடு. ஆப்பிள்களையெல்லாம் மணல் பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் இழுத்து வந்து, தன் கோட்டைக் கழற்றி, வாடை வெளியே வராதபடி இறுக்கிச் சுற்றி வைத்திருந்தான். ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அதை ஒழுங்காக வைத்துவிட்டால் அக்கா கதவைத் திறந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான். அங்கே உறையாதே தவிர நல்ல குளிர். கோட்டைக் கழற்றச் சொன்னது நான் இல்லை.

ஆமாம், உள்ளே ஆள் இருப்பது தெரிந்துதான் கட்டையைப் போட்டேன். அதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. தேவையான கேரட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கதவைச் சாத்தினேன்.

பெரிட் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் செய்ததற்காக அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. உப்பு கேட்டு வந்தவள், அடுப்போரம் நான் துவைத்துப் போட்ட நீலத் தொப்பி காய்வதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இந்தக் குளிரில் வெளியூர் போகிறவன் தொப்பியை விட்டுவிட்டுப் போகமாட்டான். தொப்பி அங்கே இருந்தால் ஆள் எங்கே என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேஜையில் ஏன் இரண்டு தட்டு இருந்தது என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. சூப்பை ருசி பார்த்தேன். கேரட்டில் கசப்பே இல்லை. இரண்டு வருடத்தில் என் பேச்சை அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான். சந்தோஷமாக இருந்தது. அவன் அறைக்குப் போகும் மாடிப்படி பக்கம் திரும்பி, "ஃபோல்கே, சாப்பிட வாடா" என்று கூப்பிட்டுவிட்டு, அவனுக்கும் ஒரு தட்டு வைத்தேன்.