நாற்பத்தொன்றாம் அட்டை

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அக்காவின் கணவர் அவர்களே, வேலை முடிந்த கையோடு சீருடைகூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் பயிற்சியாளர்களே, பெஞ்சில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பேச ஆரம்பிக்கும் முன் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கூடத்துக்குள் நுழைந்து இத்தனை பேரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது. எனக்கு ஒன்று ஆனால் இத்தனை பேர் வருவார்களா என்று வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். பாதிகூட வரமாட்டார்கள்.

நம் பயிற்சியாளர்களுக்கெல்லாம் பயிற்சியாளர், நம் அட்டை அக்கா, பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் போய்விட்டார். கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு மூக்கில் ஃப்ரேமைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

அக்கா ஒரு பதக்கம் வாங்கியவரா? இல்லை. ஒரு போட்டியிலாவது முதல் சுற்றைத் தாண்டியவரா? இல்லை! நான் வாங்கியிருக்கிறேன். என் வீட்டு அலமாரியில் பதினேழு பதக்கம் தொங்குகிறது. இடது கையால் வாள் பிடிப்பவள் என்பதால் எதிரே நிற்பவர்களுக்கு என்னைக் கண்டாலே கை உதறும். நான் ஒரு புத்தகமும் எழுதினேன். இளையோர் வாள்வீச்சுப் பயிற்சியாளர்களுக்கான கையேடு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எண்பது வரைபடம். ஆனால் யார் வந்து கேட்டாலும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அட்டை அக்காகிட்ட ஒரு செட் வாங்கிக்கோங்க."

நம் பயிற்சியாளர்கள் யார்? பேருந்து ஓட்டுகிறவர். கணக்கு டீச்சர். ஒரு நர்ஸ். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட இடத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு அம்மாக்கள். வாளைக் கையில் எடுத்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. சனிக்கிழமை நாலரை மணிக்கு எதிரே இருபது குழந்தைகள் கத்திக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் இருநூறு பக்கப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் என்ன செய்வார்கள்? கொடுத்துப் பார்த்தவள் நான். என் புத்தகம் எங்கே இருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஸ்கோர் பெட்டி வைக்கும் மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழே!

அக்கா, கடையில் லென்ஸ் வரும் அட்டைப்பெட்டிகளை வெட்டினார். உள்ளங்கை அளவு. கையுறைக்குள் செருகிக்கொள்ளலாம். ஓர் அட்டைக்கு ஒரு பாடம், பத்து நிமிடம். "கையுறையை மேலிருந்து விடுங்கள். கீழே விழும் முன் பிள்ளை கால் எடுத்து வைத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நீங்கள் சீக்கிரம் விட்டீர்கள் என்று அர்த்தம்." இப்படி அறுபத்து நான்கு அட்டை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கேள்வி: "இன்று நீங்கள் எத்தனை குத்து வாங்கினீர்கள்?" பக்கத்தில் எண்ணிக்கை எழுத ஒரு கோடு.

முதல் தடவை அதைப் படித்தபோது என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். "கோச்சுக்குக் குத்து வாங்கக் கத்துக் கொடுக்குறாங்களாம்!" அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்: "நீ நம்ம பாப்பாகிட்ட எத்தனை வாங்கியிருக்க?"

ஒன்றுகூட வாங்கியதில்லை. குழந்தை குத்த வந்தால் என் கை தானாகத் தடுத்துவிடும். ஒரு நாள் என் ஒன்பது வயது மகள் முகக்கவசத்தைக் கழற்றிச் சொன்னாள்: "அம்மா, உன்கூட ஆடினா நான் எப்பவுமே தோத்துட்டே இருக்கேன். நான் அட்டை மிஸ்கிட்டயே போறேன்."

போனாள். நான் பெற்ற பிள்ளை, என்னைப் போலவே இடது கை, என் கண் முன்னால் இன்னொருவரிடம் போய் நின்றாள். நான் பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கழுத்துப் பட்டை சரியாக மூடியிருக்கிறதா, தண்ணீர் குடித்தாளா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவளிடம் குத்து வாங்கினார். தோளில், விலாவில், வயிற்றில். ஒவ்வொரு குத்துக்கும் என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னிடம் வந்ததே இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

அக்கா என்னிடம் மூன்று முறை ஓர் உதவி கேட்டார். முதல் முறை இதே கூடத்தின் வாசலில். "தங்கச்சி, ஒரு சந்தேகம். பாப்பாவுக்கு இடது கை. எனக்கு வலது கை. நான் எப்படி ஆடினா அவளுக்கு நல்லது? உனக்குத் தெரியாததா?"

"அதெல்லாம் புத்தகத்துல இருக்குக்கா" என்றேன்.

புத்தகத்தில் இல்லை. வேண்டுமென்றே நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். தோற்றுத் தோற்று நானே கண்டுபிடித்த விஷயம். எல்லாம் போனாலும் இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். மேசைக்காலுக்குக் கீழே இருந்து என் புத்தகத்தை எடுத்துத் துடைத்து, முழுவதும் படித்திருந்தார். "படிச்சிட்டேன் தங்கச்சி. நூத்தி நாற்பதாம் பக்கம் ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா நான் கேட்டது அதுல இல்லையே?" என் புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள்! அவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்பாவுக்குச் சளிக்கா, இன்னொரு நாள் பேசலாம்."

மூன்றாவது முறை, போட்டிக்கு முந்தின நாள். "இப்பவாவது சொல்லேன்" என்றார். "அதெல்லாம் சொல்லி வராதுக்கா. தானா வரணும்" என்று சொல்லிவிட்டு, மகளின் காலுறையை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் என் மகளுக்கு எதிரே வந்து நின்ற சிறுமியும் இடது கை. என்னை விட்டுப் போன பிறகு அவள் எதிர்கொண்ட முதல் இடது கை. பத்துக்கு மூன்று என்று தோற்றாள். பத்துக் குத்தும் நெஞ்சில், ஒரே இடத்தில். ஏன் என்று அந்தக் கூடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா தரையில் மண்டியிட்டு என் மகளின் முகக்கவசத்தைத் தூக்கினார். "இது உன் தப்பு இல்லடா செல்லம். என் தப்பு. எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்." என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு கை தூரத்தில் நின்ற நான் வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை. பழியை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பதினோராம் நாள் அக்கா போய்விட்டார். அன்றிலிருந்து என் மகள் வாளைத் தொடவில்லை. "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்னாங்களேம்மா. இனிமே யார் சொல்லுவா?" இதை அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நல்லவேளை, என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வாரம் சங்கத் தலைவர் அக்கா அட்டைகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார். அட்டைகளை ஒழுங்குபடுத்தி அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம். புத்தகம் எழுதியவள் நான்தானாம். திறந்ததும் முதலில் என்ன தேடினேன்? என்னைத் தேடினேன். யாரிடமிருந்து எதைக் கற்றார் என்று அக்கா ஓரத்தில் குறித்து வைப்பார். பேருந்து ஓட்டுநர் அண்ணன் இருக்கிறார். நர்ஸ் அம்மா ஐந்து அட்டையில் இருக்கிறார். வாள் பழுது பார்க்கும் தாத்தாகூட இருக்கிறார். நான் இல்லை. நாற்பது அட்டை வரைக்கும் எரிந்துகொண்டே புரட்டினேன்.

நாற்பத்தொன்றாம் அட்டையில் தலைப்பும், அடியில் அந்த வழக்கமான கேள்வியும் கோடும் மட்டும் இருந்தன. "இடது கைப் பிள்ளை." நடுவில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் பென்சிலால்: "தங்கச்சியிடம் கேட்க வேண்டும்." அதன் கீழே மூன்று தேதிகள். நான்காவதற்கு இடம் விட்டிருந்தார்.

நண்பர்களே! இதைப் பார்த்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு, அக்காவின் சேவையைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கிப் போக முடியுமா? பேனா வைத்திருப்பவர்கள் எடுங்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டை நாற்பத்தொன்று. பிள்ளைக்கு இடது கை என்றால், வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், நீங்கள் வாளை இடது கையில் பிடியுங்கள். உங்கள் கை தடுமாறும். பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தப் பிள்ளை வலது கைக்காரர்களோடு மட்டுமே ஆடிப் பழகியது. வாள் எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் வரும் என்று நம்புகிறது. எதிரேயும் இடது கை என்றால் வாள் நெஞ்சுக்கு நேரே வரும்; பிள்ளையின் கை பழக்கத்தில் வெளியே போகும்; நெஞ்சு திறந்து கிடக்கும். அதனால் மெதுவாக, நெஞ்சைப் பார்த்து வாருங்கள். உள்பக்கம் தடுக்கும் வரை மறுபடி மறுபடி வாருங்கள். அது தடுத்துவிட்டுத் திருப்பிக் குத்தும்போது, தயவுசெய்து நீங்கள் தடுக்காதீர்கள்.

இவ்வளவுதான். ஒரு சின்ன அட்டை. இதைத்தான் இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தேன்.

நேற்று மாலை மகளைக் கெஞ்சி இங்கே கூட்டி வந்தேன். "மிஸ் கேட்டு வெச்சிட்டுப் போயிருக்காங்க. பதில் என்கிட்ட இருக்கு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்போ முன்னாடியே இருந்துச்சா?" "இருந்துச்சு" என்றேன். அவள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

நெஞ்சைப் பார்த்துப் போனேன். எட்டு முறை அவள் கை வெளியே போனது. ஒன்பதாம் முறை உள்ளே தடுத்துக் குத்த வந்தாள். என் பாழாய்ப்போன கை தடுத்துவிட்டது. "பாத்தியா! நீ எப்பவும் இப்படித்தான்மா!" என்று காலை உதைத்தாள். "இன்னொரு தடவை வா" என்றேன். வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கீழே வைத்திருந்தேன். விலாவில் விழுந்தது. வலித்தது. அதே போல இன்னும் மூன்று வாங்கினேன்.

பேனாவை எடுத்து அட்டையின் கடைசிக் கோட்டில் நான்கு என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள். "நாலுதானா? மிஸ்ஸா இருந்தா பத்து வாங்கியிருப்பாங்க."

அக்கா, இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அறுபத்து நான்கு அட்டையும் உங்கள் பெயரில்தான் அச்சாகும். நாற்பத்தொன்றின் ஓரத்தில் மட்டும், நீங்கள் எழுதின மாதிரியே, தங்கச்சி என்று சின்னதாகப் போட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை நாலரைக்குக் கூடம் திறந்திருக்கும். சாவி என்னிடம் இருக்கிறது.

பத்து வாங்கிக் காட்டுகிறேன்.