கத்திரிக்காய் கலர் வானம்

— அக்கா, உன் கல்யாணத்துக்குன்னே கடல் தாண்டி ஒரு எரிமலையை வெடிக்க வெச்சவன் நான்.

— நீயா? அடுப்பு பத்த வைக்கவே உனக்கு மூணு தீக்குச்சி வேணும். அந்த மாடிக் கொடியில இருக்கிற துணியை எடு.

— எடுக்கிறேன். நாளைக்கு உங்க நாற்பதாவது கல்யாண நாள். அந்தக் கல்யாண ஆல்பத்தை இன்னிக்காவது பெட்டியில இருந்து வெளிய எடேன்.

— மாட்டேன். கல்யாணத்தன்னிக்குச் சாயந்திரம் தோட்டத்துல எடுத்த அத்தனை படத்துலயும் வானம் கத்திரிக்காய் கலர். உங்க போட்டோ லேப்ல நீதானே பிரிண்ட் போட்டே? கெமிக்கலைக் கெடுத்துட்டு எரிமலைக் கதை விடறே.

— முப்பத்தஞ்சு வருஷம் படம் கழுவின கை அக்கா இது. நான் பிரிண்ட் போட்டா காக்காகூட மயிலா வரும்.

— அதான் வானம் கத்திரிக்காயா வந்துச்சு.

— இப்பவும் ஒரு மலை வெடிச்சிருக்கு, பேப்பர் பார்த்தியா? அந்தப் புகை மேகத்துக்கும் மேல ஏறி, மெல்லிசா உலகத்தையே சுத்துது. சூரியன் விழுந்து கால் மணி நேரத்துல சிவப்பும் நீலமும் கலந்து ஊதா அடிக்கும். அன்னிக்கும் அதான் நடந்துச்சு.

— சூரியன் விழுந்தாச்சு. வெறும் சாம்பல்தான் தெரியுது.

— கொஞ்சம் பொறு. ஊதா வந்தா ஆல்பம் ஹாலுக்கு வரணும்.

— வராட்டி?

— நான்தான் கெடுத்தேன்னு நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். இத்தனை வருஷத்துல ஒருதரம் ஒத்துக்கிட்டிருக்கேனா?

— பேச்சு மாறக் கூடாது.

— மாறமாட்டேன். அக்கா... தண்ணித் தொட்டிக்கு மேல பாரு.

— எங்கே? ஆ...

— பார்த்தியா, ஊதா! கையில இருந்த போர்வை விழுந்ததுகூடத் தெரியல உனக்கு.

— அடப்பாவி.

— வாயை மூடு, கொசு போகுது. இப்படித்தான் நீ எப்பவும்... இரு இரு. படத்துலயும் இப்படித்தானே நிக்கிறே? மாமா உன்னைப் பார்க்கிறார், நீ வாயைப் பிளந்துக்கிட்டு மேல பார்க்கிறே. நான் ஒரு மடையன். கலரையே பார்த்தேன், உன் மூஞ்சியைப் பார்க்கலையே.

— மெதுவாப் பேசு. உங்க மாமா கீழதான் இருக்கார்.

— அப்போ வானம் ஊதாவா இருந்தது அன்னிக்கே உனக்குத் தெரியும்.

— தெரியும்டா, இதே கண்ணாலதான் பார்த்தேன். இருபத்திநாலு படம், ஒண்ணுலகூட நான் வாயை மூடல. அந்த ஆல்பத்தை ஒளிச்சு வைக்க ஒரு சாக்கு வேண்டாமா? பழி போட உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?