வாயில் ஆணி கூடாது

முழுங்கிட்டேன். அரை இஞ்ச் ஆணி. அதான் ஆஸ்பத்திரி, கடைக்குப் பத்து நாள் பூட்டு, உங்க சோபா லேட்டு. உக்காருங்க. அதுல வேண்டாம், அதுக்குக் கால் இல்ல.

எப்படி முழுங்கினேனா? சோபாவுக்குத் துணி அடிக்கிறவன் ஆணிய வாயிலதான் வெப்பான். நாப்பது வருஷப் பழக்கம். இடது கை துணிய இழுத்துப் பிடிக்கணும், வலது கையில சுத்தியல்.

இந்த ஆணி தானா வெளிய வந்துடுச்சு. அடுத்தது இப்படி மரியாதையா வராது, வயித்தைத் திறக்கணும்னாரு டாக்டர். இனிமே வாயில ஆணியப் பாத்தா கடைய வித்துடுவேன்னான் என் பையன். கடை அவன் பேர்ல இருக்கு. செய்வான். என் புத்திதானே அவனுக்கும்.

மனசை உறுதியா வெச்சுக்குங்கன்னாங்க எல்லாரும். வெச்சேன். காலைல கடை திறக்கிறப்ப உறுதி, பத்து மணிக்கு நாக்குல இரும்பு ருசி. துப்பிட்டு மறுபடி உறுதி. ஒரு வாரம் இதே பொழப்பு. கண்ணு முன்னாடி இருந்தா மறக்காதுன்னு, வாயில் ஆணி கூடாதுன்னு ஒரு பலகைல பெயிண்ட்டால எழுதி, செவுத்துல அடிச்சேன். நாலு மூலைக்கு நாலு ஆணி. அந்த நாலும் எங்க இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க?

சிரிங்க. அந்த நேரம் பாத்து பையன் உள்ள வந்தான். அவன் சிரிக்கல. ஞாயித்துக்கிழமை கடை வாங்க ஆள் கூட்டிட்டு வரேன்னான்.

உறுதியே இல்லாத ஆளுன்னு நினைச்சுடாதீங்க. மாடில ஒரு பொண்ணு தையல் மெஷின் வெச்சிருக்கா. அவகூடப் பேசறதில்லைன்னு முடிவு பண்ணேன். மூணு வருஷத்துல ஒரு நாள் தவறல.

அவதான் இறங்கி வந்தா. பலகையப் படிச்சா. வாயில வேண்டாம் சரி, வேற எங்க வெப்பீங்கன்னு கேட்டா. நான் குனிஞ்சு கீழ கெடந்த ஆணியப் பொறுக்கினேன். பதில் தெரிஞ்சாலும் சொல்லியிருக்க மாட்டேன். வாய் எனக்கு மூணாவது கை. அதை விடு விடுன்னாங்களே தவிர, அதுக்குப் பதிலா எதுன்னு ஒருத்தரும் கேக்கல.

சாயங்காலம் ஒரு பட்டை தெச்சுக் கொண்டாந்தா. குண்டூசி குத்தி வெக்க தையக்காரங்க மணிக்கட்டுல கட்டுவாங்களே, அந்த மாதிரி. உள்ள பழைய ஸ்பீக்கர் காந்தம். ஆணி அள்ளிப் போட்டா ஒட்டிக்குது. ஆனா ஒத்தக் கையால கட்டிக்க முடியல. கொஞ்சம் இறுக்கிக் கட்டும்மான்னு கேக்க வேண்டியதாப் போச்சு.

மூணு வாரமாச்சு. கடை வாங்க வந்த ஆளைப் பையனே திருப்பி அனுப்பிட்டான். வாய் காலியா கெடக்கு. அதான் இவ்வளவு பேச்சு.

யாரா? அந்தப் பொண்ணா? என் மருமக.